இங்கிலாந்துக் கடையிலிருந்து ஒரு பழம்புத்தகம் வாங்க: ஏமாந்தபின் எழுதிய வழிகாட்டி

கால்டுவெல் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலின் 1875-ஆம் ஆண்டுப் பதிப்பை வாங்க வேண்டும் என்று பல வருட ஆசை. ஒரு இணையச் சந்தையில் இங்கிலாந்து விற்பனையாளர் ஒருவரிடம் 210 பவுண்டுக்குக் கிடைத்தது. பார்சல் வந்த வாரம் ஊரில் கல்யாணம். பிரித்துப் பார்த்து, தலைப்புப் பக்கத்தில் ஆண்டு சரியாக இருப்பதைக் கண்டு, அலமாரியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். ஆறு வாரம் கழித்துப் பின்னிணைப்பைப் படிக்கத் திறந்தபோது கடைசிப் பக்கம் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றது. அதற்கடுத்து வெள்ளைவெளேரென்று புது ஒட்டுத்தாள், அதாவது அட்டையோடு சேர்த்து ஒட்டும் வெற்றுத்தாள். பன்னிரண்டு தாள், அதாவது 24 பக்கம், இல்லை. எந்தப் பகுதிக்காக அந்தப் பதிப்பைத் தேடினேனோ அதுதான் போயிருந்தது. விற்றவருக்கு எழுதினேன். முப்பது நாள் கெடு முடிந்துவிட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது.

இரண்டாவது முறை முறையாக வாங்கினேன். முழுப் பிரதி கிடைத்தது. இடையில் கற்றதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டுக் கடையில் முதல்முறையாகப் பழம்புத்தகம் வாங்கப் போகிறவர்களுக்கான கட்டுரை இது.

1. எந்தப் பதிப்பு, எத்தனை பக்கம் என்பதை முதலில் எழுதி வையுங்கள்

கடையைத் தேடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. நான் சொன்ன நூலையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பதிப்பு 1856, லண்டன். கால்டுவெல்லே திருத்தி விரித்த இரண்டாம் பதிப்பு 1875, ட்ரூப்னர் வெளியீடு. மூன்றாவது, அவர் மறைந்து பல வருடம் கழித்து வேறு இருவர் பதிப்பித்தது, 1913. அந்த மூன்றாம் பதிப்பில் பழைய பின்னிணைப்புப் பகுதிகள் சிலவற்றை விட்டுவிட்டார்கள். பிற்பாடு வந்த மறுஅச்சுகள் பலவும் 1913-ஐ வைத்துத்தான் வந்தன. ஆக, தலைப்பு ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றல்ல.

நூலகப் பட்டியல்களில் தேடி, உங்களுக்கு வேண்டிய பதிப்பின் பக்க எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பகுதி ரோமன் எண்ணில் எத்தனை பக்கம், நூல் எத்தனை பக்கம், படம், வரைபடம், பிழைதிருத்தத் தாள் உண்டா என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும். பிரிட்டிஷ் நூலகத்தின் பட்டியல் நல்ல தொடக்கம். தமிழ் சார்ந்த நூல் என்றால் சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு நடை போய்வருவது இன்னும் நல்லது. இணையத்தில் முழு நூலின் ஸ்கேன் கிடைத்தால் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பார்சல் வந்த அன்று அதுதான் உங்கள் அளவுகோல்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தேடுபொறியில் நூலின் பெயரைத் தட்டினால் முதலில் வந்து விழுபவை பெரும்பாலும் ஸ்கேனிலிருந்து அச்சடித்துத் தரும் புதுப் பிரதிகள். விவரத்தில் '1875' என்று இருக்கும், விலை ஆயிரம் ரூபாய்க்குள் இருக்கும், படத்தில் ஏதோ ஒரு பொது அட்டை இருக்கும். அவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

2. விற்பவர் எந்தச் சங்கத்தில் இருக்கிறார் என்று பாருங்கள்

முதல்முறை நான் தவறவிட்டது இதைத்தான். பழம்புத்தக வணிகத்துக்கு உலக அளவில் ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. பெயர் சர்வதேசப் பழம்புத்தக வணிகர் கூட்டமைப்பு, சுருக்கமாக ஐ.எல்.ஏ.பி. இருபதுக்கும் மேற்பட்ட நாட்டுச் சங்கங்கள் சேர்ந்தது அது. பிரிட்டனில் 1906-இல் தொடங்கிய ஏ.பி.ஏ., அமெரிக்காவில் 1949-இல் தொடங்கிய ஏ.பி.ஏ.ஏ. இரண்டும் அதில் உண்டு. ஆசியாவில் ஜப்பானுக்கும் தென்கொரியாவுக்கும் சங்கம் இருக்கிறது. இந்தியாவுக்கு அப்படி ஒரு தேசியச் சங்கம் இல்லை. அதனால் நம் ஊர்ப் பழைய புத்தகக் கடைப் பழக்கத்தை வைத்து அந்த உலகத்தைக் கணக்குப் போடாதீர்கள்.

பணம் கட்டினால் உறுப்பினர் ஆகிவிட முடியாது. பல வருடம் தொழிலில் இருந்திருக்க வேண்டும், ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்கள் பரிந்துரைக்க வேண்டும். சேர்ந்தபின் கூட்டமைப்பின் நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். வாங்குகிறவருக்குப் பயன்படும் விதிகள் இவை: விற்கும் பொருள் அசல் என்பதற்கு விற்பவர் பொறுப்பு. குறை, பழுதுபார்த்த இடம், வேறு பிரதியிலிருந்து தாள் எடுத்துச் சேர்த்தது எல்லாவற்றையும் விவரத்தில் சொல்லியாக வேண்டும். விலை தெளிவாக இருக்க வேண்டும். விற்கும் உரிமை தனக்கு இருக்கிறதா என்று விசாரித்தே வாங்கியிருக்க வேண்டும். சொன்னபடி இல்லாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. கடையின் இணையதளத்தில் சங்கச் சின்னம் இருப்பதை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். படத்தை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். சங்கத்தின் தளத்துக்கே போய் உறுப்பினர் பட்டியலில் கடையின் பெயரையும் முகவரியையும் தேடுங்கள். ஐந்து நிமிட வேலை.

உறுப்பினர் அல்லாத எல்லாரும் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. சின்ன ஊர்களில் நேர்மையான தனிக்கடைக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் முதல் வாங்கலுக்கு, அதுவும் கடல் தாண்டி வாங்கும்போது, தகராறு வந்தால் போய்ச் சொல்ல ஓர் இடம் வேண்டும். அந்த இடம் இல்லாததால்தான் என் 210 பவுண்டு போனது.

3. விவரக் குறிப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

என் முதல் புத்தகத்தின் விவரத்தில் 'குட்' என்று போட்டிருந்தது. நல்ல நிலை என்று எடுத்துக்கொண்டேன். இந்தத் தொழிலில் வரிசை வேறு. 'ஃபைன்' என்றால் குறையே இல்லாதது. அடுத்தது 'வெரி குட்'. அதற்கும் கீழேதான் 'குட்'. அதாவது அடிபட்டு உழைத்த பிரதி. 'ஃபேர்', 'புவர்' என்றால் படிக்கலாம், அவ்வளவுதான்.

நிலையைவிட முக்கியம், விவரத்தில் வரும் சில சொற்கள். 'வான்டிங்' என்றால் இல்லை என்று பொருள். எது இல்லை என்று அதற்குப் பிறகு வரும், நிறுத்திப் படியுங்கள். 'ஃபெசிமிலி' என்று வந்தால் அந்தத் தாள் அசல் அல்ல, நகல் வைத்துச் சேர்த்தது. 'சோஃபிஸ்டிகேட்டட்' என்பதைப் புகழ்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பிரதியின் குறையை வேறு பிரதியின் தாள்களைக் கொண்டு நிரப்பியது என்று பொருள். 'ரீபேக்டு' என்றால் முதுகுத் தோல் மாற்றப்பட்டது. அது குற்றமில்லை, ஆனால் விலையில் தெரிய வேண்டும். 'லெய்ட் டவுன்' என்றால் தாளை வேறு தாளின் மேல் ஒட்டியிருக்கிறார்கள். 'ஃபாக்சிங்' என்பது தாளில் வரும் பழுப்புப் புள்ளிகள். நம் பக்கம் இருந்து போன புத்தகங்களில் இது கூடுதலாக இருக்கும், கூடவே ராமபாணப் பூச்சி துளைத்த ஓட்டைகளும். அந்த ஓட்டை ஓரத்தில் இருக்கிறதா, எழுத்தைத் தின்றிருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும்.

'வித் ஆல் ஃபால்ட்ஸ்', 'ஆஸ் இஸ்' என்ற இரண்டில் ஒன்று இருந்தால் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள் என்று அர்த்தம். முதல்முறை வாங்குகிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

4. பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஒரே மின்னஞ்சலில் எல்லாவற்றையும் கேளுங்கள். நல்ல வணிகர் இதைத் தொந்தரவாக நினைக்க மாட்டார். இரண்டாம் முறை எனக்கு இரண்டு நாளில் பதிலும், அடுத்த சில நாளில் இருபத்திரண்டு படங்களும் வந்தன.

முதல் கேள்வி: பிரதியைத் தாள் தாளாகச் சரிபார்த்தீர்களா? இதற்குத் தொழிலில் கொலேஷன் என்று பெயர். சரிபார்த்து முழுமை என்று தெரிந்தால் சில வணிகர்கள் பின் ஒட்டுத்தாளின் மூலையில் பென்சிலால் 'சி அண்ட் பி' என்று எழுதி வைப்பார்கள். 'கொலேட்டட் அண்ட் பெர்ஃபெக்ட்' என்பதன் சுருக்கம். எனக்கு வந்த படங்களில் அந்தப் பென்சில் எழுத்து இருந்தது. ஆனால் அது எப்போது, யார் எழுதியது என்று நமக்குத் தெரியாது. ஆகவே இப்போது ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்பதில் தவறில்லை.

இரண்டாவது: அட்டை, முதுகு, தலைப்புப் பக்கம், அதன் பின்புறம், கடைசி அச்சுப் பக்கம், அதற்கு எதிர்ப்பக்கம், எல்லா நூலக முத்திரைகள், எல்லா ஒட்டுப்போட்ட இடங்கள். இவற்றின் படம் வேண்டும். கடைசி அச்சுப் பக்கத்தின் படத்தை மட்டும் முதல்முறை கேட்டிருந்தால் நான் ஏமாந்திருக்க மாட்டேன்.

மூன்றாவது: இந்தப் பிரதி எங்கிருந்து வந்தது? முன் உரிமையாளர் பெயர், ஏலத்தில் எடுத்ததா, நூலகத்திலிருந்து கழித்ததா? நூலக முத்திரை இருந்தால் கழித்ததற்கான முத்திரையும் இருக்க வேண்டும். அதுவும் போதாது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பிட்ஸ்பர்க் கார்னகி நூலகத்தின் அரிய நூல் அறையிலிருந்து பல ஆண்டுகளாகத் திருடப்பட்டவற்றை வாங்கி விற்ற வணிகர் 2020-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவற்றில் நூலகம் கழித்துவிட்டது என்று காட்டும் முத்திரையைத் தானே குத்தியிருந்தார். அவர் சங்கத்தில் இருந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உறுப்பினர் என்பது நல்ல வடிகட்டி. ஆனால் உங்கள் கேள்விக்கு அது மாற்றல்ல. முத்திரையில் நூலகப் பெயர் படிக்க முடிந்தால், அந்த நூலகத்துக்கே ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஒரு வாரம் தாமதமானாலும் பரவாயில்லை.

திருட்டுப் போன நூல்களுக்கு ஐ.எல்.ஏ.பி. ஒரு பொதுப் பதிவேடு வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் தேடலாம். வணிகர்கள் தங்களுக்குள் எவ்வளவு வேகமாகச் செய்தி பரிமாறிக்கொள்கிறார்கள் என்பதை 2017-இல் பார்க்க முடிந்தது. அந்த ஜனவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் பக்கம் ஃபெல்தமில் ஒரு கிடங்கின் கூரையைத் துளைத்து இறங்கி, கலிஃபோர்னியப் புத்தகச் சந்தைக்குப் போகவிருந்த சுமார் 160 நூல்களைத் திருடிவிட்டார்கள். மதிப்பு இருபது லட்சம் பவுண்டுக்கும் மேல். பட்டியல் நாடு நாடாக வணிகர்களுக்குப் போனது. 2020 செப்டம்பரில் ருமேனியாவில் ஒரு வீட்டுத் தரைக்கடியில் அவை கிடைத்தன. தேடும்போது தலைப்பு, ஆண்டு, ஊர் மூன்றையும் போட்டுப் பாருங்கள்.

5. விலை, தள்ளுபடி, நிறுத்தி வைத்தல்

விவரத்தில் போட்டிருக்கும் விலைதான் விலை. ஆனாலும் மரியாதையாக ஒருமுறை, இதில் ஏதாவது குறைக்க முடியுமா என்று கேட்கலாம். மூர்மார்க்கெட் பாணியில் பாதியிலிருந்து தொடங்கினால் பதிலே வராது. வணிகர்கள் ஒருவருக்கொருவர் விற்கும்போது தள்ளுபடி கொடுத்துக்கொள்வது தொழில் வழக்கம். அது நமக்கு உரியதல்ல, உரிமையாகக் கேட்கக் கூடாது.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. வேண்டிய நூல் அந்தக் கடையில் இல்லாவிட்டாலும், தேடித் தர முடியுமா என்று கேளுங்கள். அவர் மற்ற ஊர், மற்ற நாட்டு வணிகர்களிடம் விசாரிப்பார். எனக்குக் கிடைத்த 1875 பிரதி நான் முதலில் எழுதிய கடையில் இருந்ததல்ல. இன்னொரு ஊர்க்காரரிடம் இருந்ததை அவர் பார்த்துச் சொன்னார். கூடுதல் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஒரே நூலை ஐந்து பேரிடம் தேடச் சொல்லாதீர்கள். அவர்கள் எல்லாரும் ஒரே பிரதியைப் போய் விசாரிப்பார்கள், தேவை கூடிவிட்டது போலத் தோன்றி விலை ஏறும்.

முடிவெடுக்க நேரம் வேண்டுமானால் சில நாள் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். வேண்டாம் என்று முடிவானால் உடனே எழுதிச் சொல்லிவிடுங்கள். இந்தத் தொழிலில் ஆட்கள் குறைவு, நம் பெயர் அவர்களுக்குள் நினைவில் நிற்கும்.

6. பணம் அனுப்புதல்

பணம் அனுப்பும் முன் விலைப்பட்டியல் ஒன்று கேட்டு வாங்குங்கள். அதில் இருக்க வேண்டியவை: நூலின் பெயர், ஆசிரியர், ஊர், பதிப்பாண்டு, நிலையும் குறைகளும், விலை, அனுப்பும் செலவு, காப்பீடு, எத்தனை நாளுக்குள் எந்தக் காரணத்துக்காகத் திருப்பலாம் என்ற வரி. கடைசி வரி இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லுங்கள். நான் 'பார்சல் கையில் கிடைத்த நாளிலிருந்து' என்ற சொற்களைச் சேர்க்கச் சொன்னேன். அனுப்பிய நாளிலிருந்து எண்ணினால் பாதிக் கெடு வழியிலேயே போய்விடும்.

கிரெடிட் கார்டு எடுத்துக்கொள்கிறார்கள் என்றால் அதுவே எளிது. தகராறு வந்தால் வங்கி வழியாக முறையிடலாம். உங்கள் அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அனுமதி திறந்திருக்கிறதா, அந்நியச் செலாவணிக்கு எத்தனை சதவீதம் கூடுதலாகப் பிடிப்பார்கள் என்று முதலிலேயே பாருங்கள்.

வங்கி மூலம் அனுப்புவதானால் பான் எண், விலைப்பட்டியல், பணம் எதற்காக என்ற விவரம் கேட்பார்கள். படிவத்தில் கட்டணத்தை யார் ஏற்பது என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நான் கவனிக்காமல் விட்டதால் இடைவங்கி 18 பவுண்டைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொண்டுபோய்ச் சேர்த்தது. விற்பவர் தொகை குறைகிறது என்று எழுத, நான் மறுபடி அனுப்ப, ஐந்து நாள் வீண். முழுக் கட்டணமும் அனுப்புகிறவர் பொறுப்பு என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று, கட்டாயம் மனதில் வையுங்கள். நடுவில் 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று மின்னஞ்சல் வந்தால் அப்படியே அனுப்பிவிடாதீர்கள். சங்கத்தின் பட்டியலில் இருக்கும் தொலைபேசி எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். மின்னஞ்சலிலேயே இருக்கும் எண்ணுக்கு அல்ல.

7. அனுப்பும் வழியும் கஸ்டம்ஸும்

தபால் மலிவு. கூரியர் விலை கூடுதல், ஆனால் எங்கே இருக்கிறது என்று தெரியும், காப்பீடும் சுலபம். எனக்குக் காப்பீட்டோடு 46 பவுண்டு ஆனது. புத்தகம் 385 பவுண்டு. இந்த விலைக்கு மேல் போகிற எதையும் காப்பீடு இல்லாமல் வரவழைக்காதீர்கள். அமிலமில்லாத தாளில் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக், இரண்டு பெட்டி ஒன்றுக்குள் ஒன்று என்று கேளுங்கள். பெரும்பாலான நல்ல கடைகள் சொல்லாமலே செய்யும். நம் ஊருக்கு மழைக்காலத்தில் வருகிறது என்பதை மட்டும் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

தனிநபர் பெயருக்கு வரும் கூரியருக்கு அடையாளச் சான்று கேட்பார்கள். ஆதார், பான், பாஸ்போர்ட் இவற்றில் அவர்கள் கேட்பதை ஸ்கேன் செய்து தயாராக வையுங்கள். விலைப்பட்டியலில் இருக்கும் பெயரும் சான்றில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். முதலெழுத்து முன்னால் ஓரிடத்தில், பின்னால் ஓரிடத்தில் என்று இருந்தால் நமக்குத்தான் அலைச்சல்.

வரி பற்றி. சாதாரண அச்சுப் புத்தகங்கள் சுங்கப் பட்டியலில் 4901 என்ற தலைப்பில் வரும். 2019 ஜூலை பட்ஜெட்டில் இவற்றுக்கு 5 சதவீதச் சுங்க வரி வந்தது. நூறு ஆண்டு தாண்டிய தொல்பொருளுக்கு 9706 என்று வேறு தலைப்பு, வேறு கணக்கு. எந்தத் தலைப்பில் போடப் போகிறார்கள், இப்போதைய விகிதம் என்ன என்று பார்சல் கிளம்பும் முன்பே கூரியர் நிறுவனத்தின் கஸ்டம்ஸ் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள், பதிலைச் சேமித்து வையுங்கள். வரியைப் புத்தக விலைக்கு மட்டும் போடுவதில்லை. அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்குத்தான் போடுவார்கள். அதற்கு மேல் கூரியர்காரர்கள் முன்பணம் கட்டியதற்கு என்று ஒரு கட்டணம் கேட்பார்கள். இவை எல்லாவற்றுக்கும் ஒரு தொகையை ஒதுக்கிவிட்டே புத்தகத்துக்கு விலை பேசுங்கள்.

என் பார்சல் ஆறு நாள் நின்றது. காரணம், பெட்டியின் மேல் ஒட்டிய தாளில் 'பழைய புத்தகம்' என்று மட்டும் எழுதியிருந்தது. அச்சிட்ட நூலா, கையெழுத்துப் பிரதியா, எவ்வளவு பழையது என்று அதிகாரிக்கு எப்படித் தெரியும்? பெயர், ஆசிரியர், அச்சான ஊர், ஆண்டு, 'அச்சிட்ட நூல், ஒரு பிரதி, சொந்த உபயோகம்' என்று முழுசாக எழுதச் சொல்லுங்கள். விலையைக் குறைத்துப் போடச் சொல்லாதீர்கள். முதலாவது அது பொய்க் கணக்கு. இரண்டாவது, தொலைந்தால் காப்பீடு அந்தக் குறைந்த தொகையைத்தான் தரும். சங்க விதிகளுக்குக் கட்டுப்பட்ட வணிகர் எப்படியும் மறுத்துவிடுவார்.

கையெழுத்துப் பிரதி, பழைய கடிதம், ஓலை என்றால் பிரிட்டனிலிருந்து வெளியே அனுப்பவே உரிமம் தேவைப்படலாம். அதை வாங்கித் தருவது விற்பவர் பொறுப்பு என்று விலைப்பட்டியலில் எழுதி வாங்குங்கள். உரிமம் வரும்வரை நாள் தள்ளிப்போகும், அவசரப்படாதீர்கள்.

8. பார்சலைப் பிரிக்கும் அன்று

வந்த அன்றே பிரியுங்கள். மூடிய பெட்டியிலிருந்து புத்தகம் கையில் வரும் வரை வெட்டில்லாமல் வீடியோ எடுத்துவிடுங்கள். அப்புறம் சுத்தமான, ஈரமில்லாத கையோடு, மேஜையில் துணி விரித்து உட்காருங்கள். கால்டுவெல் மாதிரி பெரிய நூலுக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

பக்க எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஃபாரத்தைப் பாருங்கள். நம் அச்சகங்களில் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்போமே, அதேதான். 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்களில் ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்க அடியிலும் சின்னதாக ஓர் எழுத்து இருக்கும். முன்பகுதிக்கு ஏ-யை ஒதுக்கிவிட்டு, நூலின் முதல் பக்கம் பி-யில் தொடங்குவது வழக்கம். பதினாறு பக்க ஃபாரமானால் 17-ஆம் பக்கத்தில் சி, 33-இல் டி. இப்படியே போனால் 113-இல் ஐ. அடுத்து 129-இல் கே வரும். ஜே எங்கே என்று பதறாதீர்கள், அந்தக் கால அச்சகங்கள் ஜே, வி, டபிள்யூ மூன்றையும் விட்டுவிடும். இசட் முடிந்தால் இரட்டை எழுத்து. இந்தச் சங்கிலி அறுந்த இடத்தில்தான் தாள் போயிருக்கும். என் முதல் பிரதியில் கடைசி எழுத்து இருந்த தாளையும் சேர்த்து நான்கு தாள்தான் இருந்தன. ஃபாரத்துக்கு எட்டு இருக்க வேண்டும். அந்தக் கணக்கு தெரிந்திருந்தால் ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன்.

அடுத்து, சந்தேகப்படும் தாளைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். ஈய எழுத்தில் அச்சான தாளில் பின்புறம் விரலால் தடவினாலே லேசான மேடு தெரியும். நகல் எடுத்த தாள் வழவழவென்று இருக்கும். நிறத்தைப் பார்க்காதீர்கள், தேநீரில் நனைத்தே நிறத்தைக் கொண்டுவந்துவிடலாம். தலைப்புப் பக்கத்தையும் கடைசித் தாளையும் இப்படிப் பார்த்தே ஆக வேண்டும். புத்தகங்களில் முதலில் கிழிவது அவைதான்.

பென்சில் குறிப்பு, பழைய விலை, முன் உரிமையாளர் கையெழுத்து எதையும் அழிக்காதீர்கள். உங்கள் பெயரையும் எழுதாதீர்கள். திருப்ப நேர்ந்தால் அதுவே காரணமாகிவிடும்.

9. குறை இருந்தால்

அன்றே எழுதுங்கள். படம், பக்க எண், விலைப்பட்டியலில் அவர் எழுதிய வரி மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் வைத்து, 'சொன்னதற்கும் இருப்பதற்கும் வித்தியாசம் இது' என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். கோபம் வேண்டாம். சங்கத்தில் இருக்கும் வணிகர் பெரும்பாலும் பணத்தைத் தந்துவிடுவார், அல்லது விலையில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார். பதில் இல்லை என்றால், இரண்டு வாரம் பொறுத்து அவருடைய நாட்டுச் சங்கத்துக்கு எழுதுங்கள். அங்கே இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் கூட்டமைப்பு. சங்கம் நீதிமன்றம் அல்ல, நடுவில் நின்று பேசும். உறுப்பினருக்குத் தன் பெயர் முக்கியம் என்பதால் அந்தப் பேச்சுக்கு எடை உண்டு.

இப்போது பலருக்குத் தெரியாத, பெரிய பொறி. திருப்பி அனுப்புவது என்பது இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்வது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத வரலாற்று முக்கியத்துவம் உள்ள பொருளும், 75 ஆண்டுக்குக் குறையாத, அறிவியல், வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் பிரதியும் ஆவணமும் தொல்பொருள் என்ற கணக்கில் வரும். அவற்றைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. போன மாதம் லண்டனிலிருந்து வந்த புத்தகம் என்பது உங்களுக்குத் தெரியும், கவுண்டரில் இருப்பவருக்கு அது 1875 என்று அச்சான ஒரு சென்னைப் பார்சல். இறக்குமதியான காகிதம் கையில் இல்லாவிட்டால் என்ன சொல்லி நிரூபிப்பீர்கள்? தொல்பொருள் அல்ல என்ற சான்றுக்கு இந்தியத் தொல்லியல் துறையிடம் போக வேண்டியிருக்கும். அதற்குள் திருப்பும் கெடு தாண்டிவிடும். எனவே கெடு எத்தனை நாள் என்று பேசும்போதே, இந்தியச் சட்ட நடைமுறையால் தாமதமானால் கெடுவை நீட்டித் தருவீர்களா என்று ஒரு வரி கேட்டு வாங்குங்கள். என் வணிகர் இதுபற்றிக் கேள்விப்பட்டதில்லை. விளக்கியதும் உடனே ஒப்புக்கொண்டு எழுதித் தந்தார்.

பைண்டிங் பழுதுபார்க்க வெளிநாட்டுக்கு அனுப்புவதும் இதே கதைதான். தாத்தா வைத்துவிட்டுப் போன பழைய புத்தகங்களை இணையத்தில் போட்டு வெளிநாட்டுக்கு விற்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் இதே சட்டம். அங்கே இருக்கும் நேர்மையான வணிகர் முதலில் கேட்பதே ஏற்றுமதிக்கு அனுமதி இருக்கிறதா என்றுதான்.

10. காகிதங்களை வைக்கும் விதம்

முதல் மின்னஞ்சலிலிருந்து புத்தகம் கைக்கு வந்தது வரை எனக்கு 31 நாள் ஆனது. நூலகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டிய பிரதி என்றால் இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் நல்லபடியாக வந்தபிறகும் இவற்றைத் தூக்கிப் போடாதீர்கள்: விலைப்பட்டியல், பணம் அனுப்பிய ரசீது, கூரியர் சீட்டு, கஸ்டம்ஸ் தாளும் வரி கட்டிய ரசீதும், படங்களோடு வந்த மின்னஞ்சல்களின் அச்சுப் பிரதி. நாளைக்கு நீங்கள் விற்றாலும், நூலகத்துக்குக் கொடுத்தாலும், பிள்ளைகள் கைக்குப் போனாலும், அந்தப் புத்தகம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இவைதான் பதில். ரசீதுகளில் பல வெப்பத்தாளில் அடித்தவை, ஒரு வருடத்தில் எழுத்து மங்கிவிடும், உடனே நகல் எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரு தனி உறையில் போட்டு, மேலே நூலின் பெயரையும் ஆண்டையும் எழுதி, வேறு அலமாரியில் வையுங்கள். புத்தகத்துக்குள்ளேயே மடித்து வைக்க வேண்டாம். மலிவுத் தாளின் அமிலம் இரண்டு மழைக்காலத்துக்குள் பக்கத்தில் பழுப்பாக இறங்கிவிடும், கிளிப்பும் பின்னும் துருவை விட்டுப்போகும்.